தாயைக் காட்டாத குட்டி

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கண்டறியப்பட்ட நடுகல் ஒன்று வரலாற்று ஆர்வலர்கள் பலரும் அறிந்ததே. முதலாம் மகேந்திரவர்மரின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், எருமைகளைக் காக்கும் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது. வீரனுக்கு அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் தனியே பொறிக்கப்பட்டுள்ளன. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு சிற்றூர், நாய் ஒன்றின் பெயரையும் செயலையும் கல்லில் எழுதி வைத்தது. அது என்ன இனம் என்று எழுதவில்லை.

இன்று திருச்சியில் நாய்க்குட்டி வாங்கப் புறப்படுவோர் முதலில் கேட்பது இனத்தைத்தான். குட்டி எங்கே பிறந்தது, அதன் தாய் எந்நிலையில் இருக்கிறது என்று கேட்பவர் அரியர். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சற்றே காண்போம்.

தமிழ் இலக்கியத்தில் நாய்க்கு இரண்டு முகங்கள் உண்டு. ஞமலி, ஞாளி என்று சங்கப் பாடல்கள் சுட்டும் நாய் மனிதனின் வேட்டைத் துணை. பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர், நாயுடன் சென்று முயல் பிடிக்கின்றனர். நட்பைப் பேசவந்த நாலடியார், யானையைவிட நாயையே உயர்வாகச் சொல்கிறது. மாணிக்கவாசகர் தம்மை 'நாயேன்' என்று தாழ்த்திக்கொள்ளும்போதோ அதே விலங்கு கடைநிலையின் குறியாகிவிடுகிறது. போற்றினாலும் தூற்றினாலும், இவ்விலக்கியங்கள் அறிந்த நாய் ஒரு வீட்டை, ஓர் ஊரைச் சார்ந்தது, விலைப்பட்டியலைச் சார்ந்ததன்று.

நாய் கைமாறிய முறையும் அப்படித்தான். தென் மாவட்டங்களின் கன்னி நாய், மணமகளுக்குச் சீராக அளிக்கப்பட்டதால் அப்பெயர் பெற்றது என்பது செவிவழிச் செய்தி. செய்தி எப்படியாயினும், குட்டியைப் பெற்றவர் அதன் தாயை அறிந்திருந்தார் என்பது தெளிவு. 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பது நாய்க்கும் பொருந்திய காலம் அது.

'சாதி நாய்' என்னும் சொல் நம் பேச்சில் இன்றும் வழங்குகிறது. அதன் பின்னணி கருதத்தக்கது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1859இல் நாய்க்கண்காட்சி நடந்தது. 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. தோற்றத்துக்கு இலக்கணம் வகுத்து, வம்சாவளியைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் அங்கிருந்து பரவிற்று. கருநாடகப் போர்களுக்குப் பின் படைமுகாமாக வளர்ந்த திருச்சி போன்ற ஊர்களுக்கு ஆங்கில அதிகாரிகளோடு இந்த நோக்கும் வந்து சேர்ந்தது. அவர்கள் நம் தெருநாய்க்குச் சூட்டிய 'பரையா டாக்' என்னும் பெயர், தமிழகத்துச் சாதியொன்றின் பெயரையே இழிசொல்லாக்கியது. மனிதரைப் பிரித்த ஏணியில் நாய்களும் ஏற்றப்பட்டன.

பதிவேடு தோன்றியபின் குட்டிக்குச் சந்தை விலை உண்டாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில், உழவர் சிலர் கோழிக்கூண்டுகளில் நாய்களை அடைத்துக் குட்டிகளை விளைச்சலைப் போல் விற்கத் தொடங்கினர். ஓயாமல் ஈன்று தளரும் தாய்நாய் வாங்குவோர் கண்ணில் படாதிருப்பதே அவ்வணிகத்தின் அடித்தளம்.

அவ்வணிகம் இன்று நம் வாசலுக்கும் வந்துவிட்டது. 2003இல் வெளிவந்த ஹட்ச் கைப்பேசி விளம்பரத்துக்குப் பின் பக் இன நாய்க்கு நாடெங்கும் கிராக்கி ஏறியது. தட்டை மூக்கால் மூச்சு வாங்கத் திணறும் நாய் அது. பனிநாட்டு ஹஸ்கியோ திருச்சியின் சித்திரை வெயிலில் குளிரூட்டிய அறைக்குள் சிறையிருக்கிறது. திருவரங்கத்தில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று, படத்தை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பி ஹஸ்கி குட்டி ஒன்றை வாங்கியது. அட்டைப்பெட்டியில் பேருந்தேறி வந்த அக்குட்டி, எட்டாம் நாள் பார்வோ நோயில் இறந்தது. அடுத்த குட்டிக்குத் தள்ளுபடி தருவதாக விற்றவர் கூறினாராம். வீட்டுச் சிறுமி அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள்.

'அயல்நாட்டு இனங்களால்தானே இத்தொல்லை? நாட்டு நாய் வாங்கினால் தீர்ந்தது' என்று நண்பர்கள் சிலர் வாதிடுவர். இராசபாளையம் நாய் 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்றதும், 2020இல் பிரதமர் தம் வானொலி உரையில் நம் இனங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதும் மகிழத்தக்கனவே. ஆனால் புகழ் பெருகினால் கிராக்கியும் பெருகும். தூய வெண்ணிறத்தையே நாடி இணைசேர்த்ததால் இராசபாளையம் நாய்களிடையே செவிட்டுத்தன்மை காணப்படுகிறது. நாட்டு இனங்களைக் காக்கவென்று அரசே சைதாப்பேட்டையில் நடத்திவந்த இனப்பெருக்க மையத்தை, அங்கு நிலவிய குறைகள் காரணமாக மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 சனவரியின் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டிய காலம் அது. நாட்டு இனம் என்னும் பெயர், கூண்டிலிருக்கும் தாய்க்கு எந்தக் காப்பும் ஆகாது.

சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, வளர்த்து விற்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு பெறவேண்டும். பதினெட்டு மாதம் நிரம்பாத பெண்நாயை இணைசேர்க்கலாகாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேலும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கலாகாது. இங்கிலாந்தில் 2020இல் நடைமுறைக்கு வந்த 'லூசி சட்டம்' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. குட்டிப் பண்ணையிலிருந்து 2013இல் மீட்கப்பட்ட லூசி என்னும் தாய்நாயின் பெயரால் அமைந்த அச்சட்டம், இடைத்தரகர் குட்டி விற்பதைத் தடுக்கிறது. பிறந்த இடத்தில் தாயோடு வைத்துக் காட்டியே குட்டியை விற்கவேண்டும் என்கிறது.

நம் ஊரில் அதைச் சட்டம் வலியுறுத்தும்வரை நாமே வலியுறுத்தலாம். பதிவுச் சான்றைக் கேளுங்கள். குட்டி பிறந்த இடத்துக்கே செல்லுங்கள். தாய் குட்டிகளை நக்கிக் கொடுக்கிறதா, மனிதரைக் கண்டு ஒடுங்குகிறதா, விலா எலும்பு தெரிகிறதா என்று பாருங்கள். 'தாய் வெளியூரில் இருக்கிறது' என்றாலோ, 'பேருந்து நிலையத்துக்கு வாருங்கள், கொண்டுவந்து தருகிறோம்' என்றாலோ திரும்பிவிடுங்கள். இரக்கப்பட்டு வாங்கும் ஒரு குட்டி, அத்தாய்க்கு அடுத்த ஈற்றை விதிக்கிறது.

தாயைக் காண மிக எளிய வழியும் உண்டு. திருவரங்கத்து உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் திண்ணையோரம் ஈன்று கிடக்கும் நாய்களை நாள்தோறும் கடந்து செல்கிறோம். அக்குட்டிகளின் தாய் நம் கண்முன்னே இருக்கிறது. நம் வெயிலும் அதற்குப் பழக்கம். இரண்டு மாதம் தாயிடம் பால் குடிக்கவிட்டு, பின் ஒன்றை வீட்டுக்கு அழைத்துவந்து, தடுப்பூசி போட்டு, உரிய வயதில் கருத்தடையும் செய்துவிட்டால் போதும். இனப்பெயர் இராது. கோவிவனுக்கும் அது இருந்ததாகக் கல் சொல்லவில்லை.