கண்டி வனத்திலிருந்து நோயாளர் விடுதி வரை: ஒரு சொல்லின் பயணம்

வைத்தியர்களாகவும் தாதியர்களாகவும் வரவிருக்கும் மாணவர்களுக்கு மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில இன்று 'மைண்ட்ஃபுல்னஸ்' எனப்படும் மனவிழிப்புப் பயிற்சியை அளித்து வருகின்றன. இதனை அமெரிக்கப் புதுமை என்று எண்ணுவோர் பலர். ஆனால் அச்சொல்லின் வேர் எமது இலங்கைத் தீவிலும் உண்டு.

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கைச் சிவில் சேவையில் பணியாற்றியவர் ரீஸ் டேவிட்ஸ். இங்கு பாளி கற்ற அவரே, 1881இல் வெளியான தமது பௌத்த சூத்திர மொழிபெயர்ப்பில் 'ஸதி' என்னும் சொல்லுக்கு 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று பெயரிட்டார். பின்னர், 1936இல் இலங்கை வந்து துறவியான ஜேர்மனியரான ஞானபோனிக தேரர், கண்டி உடவத்தகெலே வனத்தில் வாழ்ந்து, அப்பயிற்சியை எளிய ஆங்கிலத்தில் விளக்கினார். அவரது விளக்கங்களைத் தம் எழுத்துக்களில் எடுத்தாண்டவர் ஜோன் கபாட்-சின். 1979இல் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், சமயச் சார்பு நீக்கிய பயிற்சியை நோயாளருக்காகத் தொடக்கியவர் அவரே. 1998இல் வெளியான ஆய்வொன்று, இப்பயிற்சி மருத்துவ மாணவரின் பதற்றத்தைக் குறைத்ததாகக் காட்டியது.

எனினும், ஒருவரது உள்ளம் விழித்திருந்தால் மட்டும் போதுமா?

பிரித்தானியாவின் பிரிஸ்டல் நகரில் நிகழ்ந்தது நெஞ்சை உலுக்குவது. அங்கு குழந்தைகளின் இருதய சத்திரசிகிச்சையில் மரணங்கள் மிகுந்திருப்பதை மயக்கமருந்து நிபுணர் ஸ்டீபன் பொல்சின் கண்டார்; எச்சரித்தார். அவரது குரல் உரிய காலத்தில் செவிமடுக்கப்படவில்லை. 1991 முதல் 1995 வரை, எதிர்பார்க்கத்தக்க அளவிலும் 30 முதல் 35 வரையான சிசுக்கள் அதிகமாக மாண்டனர் என 2001இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. கூட்டுப்பணியின் குறைபாட்டையும் அது சுட்டியது. கண்டவர் இருந்தார், கேட்பவர் இருக்கவில்லை.

இதற்கான மருந்து முன்னரே எழுதப்பட்டிருந்தது. சேர்ந்து பணியாற்ற வேண்டியவர்கள் சேர்ந்தே கற்க வேண்டும் என 1988இல் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. 1996இல் சுவீடனின் லிங்ஷோப்பிங் நகரில், மருத்துவ, தாதிய, இயன்மருத்துவ மாணவர்கள் ஆசிரியரின் கண்காணிப்பில் ஒன்றிணைந்து நோயாளரைப் பராமரிக்கும் பயிற்சி விடுதி உருவாயிற்று.

இவ்விரு நீரோடைகளும் கலப்பதில்தான் பயன் உள்ளது. களைத்த வேளையிலும் தவறைக் காண்பதற்கு விழிப்பு வேண்டும். கண்டதைத் தாதியொருவர் நிபுணரிடம் அஞ்சாது கூறவும், அவர் சினவாது கேட்கவும் கூட்டுப்பயிற்சி வேண்டும். ஆளணிப் பற்றாக்குறைக்கும் ஓய்வற்ற கடமை நேரத்துக்கும் தியானத்தை ஈடாக்குவது மட்டும் ஏமாற்று வித்தையாகும்.

பட்டம் பெற்று, பதவியின் படிநிலை மனதில் இறுகிய பின்னர் இப்பண்பைப் புகட்டுவது கடினம். மாணவப் பருவமே அதற்கு உரிய காலம். பிரிஸ்டலின் சிசுக்கள் விட்டுச்சென்ற பாடமும் அதுவே.