வெளியிற் சாப்பிடுதல்

உணவைப் பற்றிய ஆராய்ச்சி என்றால் நம்மவர் பெரும்பாலும் எதை உண்டார்கள் என்பதையே தேடுவர். எங்கே உட்கார்ந்து உண்டார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யார் நின்றபடியே உண்டார்கள், யார் வாசலோடு திரும்பினார்கள் என்பவை அவ்வளவாக எழுதப்படவில்லை. பேராவின் வடமேற்கு மூலையில், நெல்வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே இருக்கும் பாகான் செராய் போன்ற ஒரு சிற்றூரின் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இக்கேள்விகள் பெரிதும் பயன்படும். பீட்சாக் கடையில் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் இளைய தலைமுறையைக் கண்டு முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. தோசையும் இட்டலியும் இருக்க இத்தாலிய ரொட்டி எதற்கு என்பது அவர்கள் வாதம். அந்த மேசைக்கு நாம் வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று என்பதை அறிந்தால், அவ்வாதத்தின் சூடு சற்றுத் தணியும் என்பது என் கருத்து.

விலைக்கு உணவு விற்பது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் புகார் நகரைக் காட்டுமிடத்தில் பிட்டு விற்கும் காழியரையும் அப்பம் விற்கும் கூவியரையும் சொல்கிறது. ஆனால் இவை சிற்றுண்டிகள். சோறு வேறு. சோறு வீட்டில் உண்பது, விருந்தினர்க்கு இடுவது, சத்திரத்தில் வழிப்போக்கர்க்கு அறமாக வழங்குவது. சோற்றை விலைக்கு விற்பதா என்று முகவாயில் கை வைத்த பாட்டிமார் அண்மைக்காலம் வரை இருந்தனர். அந்த அறவுணர்வு உயர்ந்ததே. எனினும் அதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். விலையின்றி இடும் சோற்றுக்குப் பந்தி உண்டு. பந்திக்கு வரிசை உண்டு. வரிசையைப் பிறப்பு வகுத்தது. காசு கொடுத்து உண்ணும் கடைகள் பெருகிய பிறகும் இவ்வழக்கம் எளிதில் அகலவில்லை. தென்னிந்திய இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல்தான் கைவிடப்பட்டது. சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவுக் கடையின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் 1957இல் மறியல் நடத்தினார். நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டு கழிந்த பின் நடந்தது இது.

இந்தப் பந்தி வரிசையை மூட்டையில் கட்டிக்கொண்டுதான் நம் முன்னோர் கப்பலேறினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் வட்டாரம் கரும்பு நாடு. இன்றும் அங்கே கோல குலா என்றோர் ஊர் இருக்கிறது. ‘குலா’ என்றால் மலாய் மொழியில் சர்க்கரை. ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் முதலில் கரும்புத் தோட்டங்களிலும், ரப்பரின் விலை ஏறக் கரும்பு அழிந்தபின் பால்மரக் காடுகளிலும் உழைத்தனர். 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தை உள்ளடக்கிய கிரியான் பாசனத் திட்டம் நிறைவேறியது. மலாயாவின் முதற் பெரும் நீர்ப்பாசனத் திட்டம் அதுவே. அதன்பின் சுற்றுப்புறமெங்கும் நெல் விளைந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் ஆள் வருவது 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. தோட்டத்து லயங்களில் ஆதிதிராவிடர்க்கு ஒரு வரிசையும் மற்றவர்க்கு வேறு வரிசையும் ஒதுக்குவது பல இடங்களில் நடைமுறையாயிருந்தது. தொழிலாளரிடையே பூசல் எழாதிருக்க இதுவே எளிய வழி என்று நிர்வாகம் எண்ணியது. பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் பேசியபோது, அவர் பேச்சு இங்குள்ளோர்க்கு அயலூர்க் கதையாக இருந்திருக்க முடியாது.

தோட்டத்திலே வெளியிற் சாப்பிடுதல் என்ற பேச்சே இல்லை. விடியுமுன் பெரட்டு, அதன்பின் மரம் வெட்டு, தூக்குச் சட்டியில் எடுத்துச் சென்ற சோறு காட்டு நிழலில் காலியாகும். அரிசியும் பருப்பும் தோட்டக் கடையில் கடனுக்குக் கிடைக்கும். கணக்குச் சம்பள நாளில் தீரும், பல வேளைகளில் தீராது. துரைமாருக்குக் கிளப்பு இருந்தது. ஆசியர்க்கு அங்கே சமையலறையும் பரிமாறும் வேலையும் உண்டு, நாற்காலி இல்லை. ஆகவே தோட்டத் தொழிலாளி தன் காசைக் கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, ‘என்ன வேண்டும்?’ என்று இன்னொருவர் கேட்க உண்ட முதல் இடம் பட்டணத்துக் கடையே. இரயிலடியும் சந்தையும் உள்ள பாகான் செராய் போன்ற ஊர்களே நம்மவர்க்குப் பட்டணம்.

அக்கடைகளை நடத்தியவர்களுள் தமிழ் முஸ்லிம்களுக்குச் சிறப்பிடம் தர வேண்டும். இராமநாதபுரம், கடையநல்லூர் முதலிய பகுதிகளிலிருந்து பினாங்குக்கு வந்த அவர்கள், காவடி போன்ற தண்டின் இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்க்கு விற்றனர். ‘கண்டார்’ என்பது அத்தண்டைக் குறிக்கும் மலாய்ச் சொல். நாசி கண்டார் என்ற பெயர் அதனால் வந்தது. மாமா என்ற நம் உறவுச்சொல் ‘மாமாக்’ என்று திரிந்து கடைக்குப் பெயராயிற்று. இந்தக் கடைக்காரர் சாதி கேட்கவில்லை. சீனர் காப்பிக் கடையிலும் எவரும் கேட்கவில்லை. சமபந்தி உணவைத் தமிழகத்தில் சுயமரியாதை இயக்கத்தார் மாநாடு கூட்டி நடத்த வேண்டியிருந்தது. இங்கே அதை ஒரு குவளைத் தேத்தண்ணீரும் ஒரு மரப்பெஞ்சும் அறிவிப்பின்றிச் செய்துவிட்டன. இதை மிகைப்படுத்த வேண்டா. கடையில் ஒன்றாக உண்டவர்கள் லயத்துக்குத் திரும்பியதும் பழைய வரிசைக்கே போயினர். ஆயினும் ஒரு மணி நேரமாவது வரிசை கலைந்ததல்லவா?

ரொட்டி சானாய் என்ற பெயர் குறித்துத் தமிழாசிரியர்களிடையே ஒரு வழக்கு நெடுங்காலமாக உண்டு. சென்னையிலிருந்து வந்ததால் சானாய் என்பர் சிலர். மாவைத் தட்டையாகத் தேய்ப்பதைக் குறிக்கும் ‘சானாய்’ என்ற மலாய் வினையே மூலம் என்பர் மற்றவர். சென்னைக்குப் போய் ரொட்டி சானாய் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். பரோட்டா என்றால் இலை போடுவார். பெயரிலேயே இரண்டு மொழிகள் உரிமை கொண்டாடும் அளவுக்கு அப்பண்டம் இந்த மண்ணோடு கலந்துவிட்டது என்பதே நாம் கொள்ளத்தக்க செய்தி.

இப்போது அந்த இத்தாலிய ரொட்டியைப் பார்ப்போம். தமிழர் பினாங்கில் இறங்கிய அதே காலத்தில் உலகின் மற்றொரு கடலில் வேறு கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. 1880க்கும் 1924க்கும் இடையில் ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டனர். பெரும்பாலோர் நேப்பிள்ஸ் முதலான தென்பகுதிகளின் ஏழை உழவரும் கூலிகளுமாவர். நேப்பிள்ஸ் நகரத்தில் பீட்சா என்பது வீட்டில் அடுப்பு வைக்கவும் இடமில்லாத உழைப்பாளிகள் தெருவில் நின்று தின்ற பண்டம். தட்டையான ரொட்டி; அதன்மேல் தக்காளி. அந்தத் தக்காளியும் நம் மிளகாயைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. 1889இல் அரசி மார்கரிட்டாவுக்காக ஒரு பீட்சா செய்யப்பட்டு அவள் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது என்ற கதையை வரலாற்றறிஞர் பலர் ஐயுறுகின்றனர். ஏழை உணவு மதிப்புப் பெற வேண்டுமானால் ஓர் அரசி உண்டதாகக் கதை கட்ட வேண்டியிருந்தது போலும்! 1905இல் நியூயார்க்கில் லொம்பார்டி என்பவரின் கடை பீட்சாவை விற்கத் தொடங்கியது. 1958இல் கான்சாஸ் மாநிலத்தில் இத்தாலியர் அல்லாத இரு சகோதரர் ‘பீட்சா ஹட்’ கடையைத் திறந்தனர். அது 1982இல் மலேசியாவுக்கு வந்தது. ஆகவே பீட்சாவைப் பணக்காரர் பண்டமென்றும் துரைமார் தீனியென்றும் எண்ணுவது பிழை. அது நம்மைப் போலவே மூட்டை கட்டிக் கப்பலேறிய கூலிக்காரன் சோறு. கையால் எடுத்து உண்ணவேண்டிய பண்டமும்கூட. கத்தியும் முள்ளும் கண்டு தயங்கியவர்க்கு இது சிறிய ஆறுதலன்று.

நம் கதைக்குத் திரும்புவோம். ஜப்பானியர் ஆட்சியில் கடையும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. அது முடிந்து மூன்றாண்டு ஆகுமுன்பே, 1948 ஜூன் 16இல் பேராவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டனர்; நாடெங்கும் அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று அரசு விதித்த கட்டுப்பாடுகள் சாப்பாட்டையே குற்றப் பொருளாக்கின. கட்டுப்பாட்டுப் பகுதிகளில் கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்க வேண்டும். சில இடங்களில் அரிசியைத் தனித்தனி வீடுகளில் வைத்திருக்க விடாமல் பொது அடுப்பில் சமைத்துச் சோறாகவே அளந்தனர். வேலைக்காட்டுக்கு உணவு எடுத்துச் செல்வதும் தடுக்கப்பட்டது. தூக்குச் சட்டியைச் சிப்பாய் திறந்து பார்த்த காலம் அது. வெளியிற் சாப்பிடுதல் என்ற எளிய உரிமையின் அருமை அக்காலத்தவர்க்குத் தெரிந்திருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்களின் வரலாறு. இக்குறை என்னுடையதன்று, கடையே அப்படி இருந்தது. சம்பள நாளில் பட்டணத்துக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தவர் ஆடவர். பெண் சந்தைக்குப் போனாள்; கருவாடும் துணியும் வாங்கினாள்; பிள்ளைகளுக்குப் பொட்டலத்தில் பலகாரம் கட்டிக்கொண்டு திரும்பினாள். கடையில் அமர்ந்து உண்ணும் பெண்ணை ஊர் நல்ல கண்ணால் பார்க்கவில்லை. அவளும் உழைத்தவளே, 1920களின் இறுதியில் பேராவின் பல தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெரட்டுக்கு முன் எழுந்து அடுப்பு மூட்டியதற்கும், பால் எடுத்துத் திரும்பியபின் மீண்டும் அடுப்பின் முன் குந்தியதற்கும் கூலி எதுவும் இல்லை. நம் நாட்டுத் தமிழில் காலை உணவைப் ‘பசியாறுதல்’ என்கிறோம்; தமிழகத்தாரும் வியக்கும் அழகிய வழக்கு. பிறரைப் பசியாற்றியவள் தான் பசியாறிய இடம் அடுப்படி. மாமாக் கடையின் பெஞ்சு சாதியைத் தளர்த்தியதே தவிர இதைத் தொடவில்லை.

மாற்றம் வேறு வழியாக வந்தது. 1970களில் பினாங்கிலும் பிறையிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. கிரியான் வட்டாரத்துப் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்துகளில் வேலைக்குப் போகலாயினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் லயங்கள் காலியாயின. தன் பெயரில் சம்பளம் வாங்கிய பெண், தான் விரும்பியதை வாங்கி உண்ணவும் தலைப்பட்டாள். அக்காலத்தில்தான் புதுவகைக் கடைகளும் வந்தன. ஏ அண்ட் டபிள்யூ 1963இலேயே கோலாலம்பூரில் திறக்கப்பட்டது, கே.எப்.சி. 1973இல் வந்தது, 1982இல் பீட்சாவும் சேர்ந்துகொண்டது. குளிரூட்டிய கூடம்; படம் போட்ட விலைப்பட்டியல்; குழந்தைக்கும் ஒரு நாற்காலி. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின் தைப்பிங்கும் பினாங்கும் பாகான் செராய்க் குடும்பங்களுக்கு ஒரு மாலைப்பொழுதுப் பயணமாயின.

இக்கடைகளின் பண்டத்தில் குறை சொல்ல நிறைய உண்டு. மாவும் கொழுப்பும் மிகுதி, விலையும் மிகுதி. நீரிழிவு நம்மவரிடையே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை எண்ணினால் வாரந்தோறும் பீட்சா உண்பதைப் பரிந்துரைக்க எவர்க்கும் மனம் வராது. ஆனால் இவ்வளவு கொழுப்பா என்று கேட்பது வேறு, தமிழ்ப் பெண் வீட்டில் சமைக்காமல் இங்கே உட்காரலாமா என்று கேட்பது வேறு. முதற்கேள்வி மருத்துவம். இரண்டாவது, பந்தி வரிசையின் பழைய குரல்தான். பண்பாடு என்ற பெயரில் அது பேசும்போது நாம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். நடுவில் வைத்த ஒரே வட்ட ரொட்டியிலிருந்து தாத்தாவும் மருமகளும் பேத்தியும் ஆளுக்கொரு துண்டு எடுக்கும் காட்சியில், யார் முதலில் உண்பது, யார் கடைசியில் மிச்சத்தை உண்பது என்ற கணக்கு இல்லை. நம் வீட்டுச் சமையலறைகளில் அக்கணக்கு எப்போது ஒழிந்தது, அல்லது இன்னும் ஒழியவில்லையா, என்பதை அவரவர் அறிவர்.

2017இல் நேப்பிள்ஸ் பீட்சாக் கலைஞரின் கைத்திறனை யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. 2024இல் மலேசியாவின் காலை உணவுப் பண்பாடு, ரொட்டி சானாய், தே தாரிக், நாசி லெமாக் ஆகியவற்றோடு அதே பட்டியலில் இடம்பெற்றது. நாம் பசியாறும் பழக்கம் உலக மரபாகிவிட்டது. அதற்குள் நம் பங்கு என்ன என்பதை எழுதும் பொறுப்பு இனி நம்முடையது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்க்குக் கட்டுரைத் தலைப்புத் தேடும்போது ‘நான் விரும்பும் உணவு’ என்பதற்கு மாறாக வேறொன்றைத் தரலாம். பாட்டியிடம் போய், அவர் முதன்முதலில் ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது, எங்கே, உடன் யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லலாம். ஆண்டைத் துல்லியமாகச் சொல்பவர் குறைவாகவே இருப்பர்; கடையின் பெயரும், தின்ற பண்டமும், கொடுத்த காசும் நினைவில் இருக்கும். அவற்றை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.