கான் வெட்டிய மலையில் கசிவுநீர்

இலங்கை மலைநாட்டின் திம்புள்ளப் பள்ளத்தாக்கின் மழைநீர், கொத்மலை ஓயாவாகித் தலவாக்கலையில் 2012இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தை நிரப்பி, மகாவலியை அடைகிறது. ஆகவே இச்சரிவுகளில் கொட்டப்படும் குப்பையினூடே இறங்கி, அழுகற்பொருளின் அமோனியாவையும் உப்புகளையும் கரைத்துக்கொண்டு வெளியேறும் நீரை, அதாவது கசிவுநீரை, தடுப்பது ஓர் ஊரின் தனிக் கவலையன்று.

1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவிய பின், மண்ணைக் காக்கக் கான் எனும் வடிகால் வெட்டுவது தோட்டத் தொழிலாளரின் நிலையான வேலைகளுள் ஒன்றாயிற்று. சரிவின் குறுக்கே ஓடும் கானில் இடைவிட்டு மண்தடுப்புகள் விடப்படுவதால் வண்டல் தங்க, நீர் அளவோடு வடிகிறது. நவீனக் குப்பை நிரப்பிடத்தின் தடுப்பமைப்பும் இதே அறிவைச் சார்ந்ததே. அமெரிக்கா 1991இல் வெளியிட்ட விதிகள், குறைந்தது 60 சென்டிமீற்றர் இறுக்கிய களிமண்ணின் மேல் தடித்த நெகிழி விரிப்பை இடுமாறு கோரியதோடு, அதன்மேல் தேங்கும் கசிவுநீர் 30 சென்டிமீற்றருக்கு மேல் உயராதபடி வடிகால் அமைக்கவும் பணித்தன. விரிப்பே தடுப்பு என்று பலர் எண்ணுவர். எனினும் எந்த விரிப்பிலும் சிறு துளை இருக்கக்கூடும், அத்துளையில் நீரை அழுத்தித் தள்ளுவது தேங்கிய நீரின் உயரமே. ஆதலால் சரளைக்கற்களும் துளையிட்ட குழாய்களுமான வடிகாலே உண்மையான காவல். இம்மலைகளின் மழையில், நீர் உட்புகாமல் மேலே இடும் மண்மூடியும் அதற்கு நிகரானது.

இலங்கையிலும் குப்பை நிலங்களைச் சீராக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. நுவரெலியாவின் மூன்பிளேன்ஸ் குப்பை நிலம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் ஜைக்கா உதவி நிறுவனத்தின் துணையோடு சீரமைக்கப்பட்டது. கொரிய உதவியோடு தொம்பேயில் எழுந்த நிரப்பிடம் 2015இல் திறக்கப்பட்டது. கொழும்பருகே தடுப்பு ஏதுமின்றி உயர்ந்த மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடோ 2017 ஏப்ரல் 14இல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

திம்புள்ளவில் சிக்கல் பொறியியலோடு நிற்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைத் தாராளமாகச் செலவிட வழிவிடாததால், கான் வெட்டிய மக்களின் லயன் எனும் வரிசைக் குடியிருப்புகள் குப்பை அகற்றும் பொதுச் சேவைக்கு நெடுங்காலம் வெளியிலேயே கிடந்தன. இது பெரிய அநீதி. அச்சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. அவ்வாண்டு உள்ளூராட்சித் தேர்தலோடு கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியன தனிச் சபைகளாயின. சமநிலம் அரிதான இங்கு நிரப்பிடத்துக்கு இடம் தேடுமுன், உக்கும் கழிவைத் தனியே பிரித்துப் பசளையாக்குவதே அச்சபைகளுக்கு எளிய முதல் தடுப்பாகும். கசிவுநீரின் நாற்றத்துக்கும் நஞ்சுக்கும் பெருங்காரணம் அக்கழிவே.