தனித்தாளும் பேரேடும்

பரவலாக்கப்பட்ட சேமிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வலையின் பெருமையையே பேசுவார்கள். அவ்வலையில் சேர்ந்த ஒரு வீட்டுக் கணினி, தன்னிடம் வந்த துண்டுகளைத் தன் வட்டில் எப்படி அடுக்குகிறது என்று கேட்பவர் குறைவு. அந்தச் சிறு கேள்விக்கு முப்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

ஹுவான் பெனெட் 2014இல் முன்வைத்த ஐபிஎஃப்எஸ் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது கோப்புகளைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே ஒரு பெயரைக் கணிக்கிறது. 256 கிலோபைட் அளவில் வெட்டினால் ஒரு டெராபைட்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் துண்டுகள். பிளாட்எஃப்எஸ் என்னும் முறையில் துண்டுக்கு ஒரு கோப்பு. பெயரின் கடைசி எழுத்துக்கு முன்னுள்ள இரண்டு எழுத்துகளைக் கொண்டு அவை 1024 அடைவுகளில் பிரிந்து அமர்கின்றன. தனித்தாள்களைப் பெட்டிகளில் இட்டு வைப்பதைப் போன்றது இது. வேண்டாத தாளை எடுத்தெறிந்தால் இடம் உடனே காலியாகும். அத்தனை தாள்களையும் எண்ணச் சொன்னால்தான் வட்டு திணறும்.

மற்றொரு வழியின் வேர் 1991இல் இருக்கிறது. பெர்க்லியில் மெண்டல் ரோசன்பிளமும் ஜான் அவுஸ்டர்ஹவுட்டும், வருவதையெல்லாம் ஒரே பேரேட்டில் வரிசையாக எழுதிச் செல்லும் கோப்பு முறையை விவரித்தார்கள். வட்டின் முள் அங்குமிங்கும் அலைய வேண்டாம், எழுதுவது விரைவாகும். தரவுத்தளத் துறையில் 1996இலும், விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் 2016இலும் இதே சிந்தனை புதிய வடிவங்கள் பெற்றது. அவ்வழியில் 2017இல் வந்த பேட்ஜர் என்னும் தரவுக் கிடங்கை ஐபிஎஃப்எஸ் தன் தேர்வுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

பேரேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் தாள் மிச்சமாவதில்லை. உயிருள்ள வரிகளை வேறிடத்தில் படியெடுத்த பிறகே பழைய பக்கத்தைக் கிழிக்க முடியும். இந்தத் துப்புரவுக்கு ஆகும் செலவைப் பெர்க்லி ஆய்வாளர்களே விரிவாக ஆராய்ந்தார்கள். சில ஜிகாபைட்டுக்குக் குறைந்த சேமிப்பில் பேட்ஜர் இடத்தைச் சரிவர மீட்காது என்று ஐபிஎஃப்எஸ் ஆவணமும் எச்சரித்தது; பின்னாளில் அந்தத் தேர்வு கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது.

பெருநிறுவனத்தின் கிடங்கில் இது ஒரு கணக்குப் பிரச்சினை. அங்கே வட்டு நிறைந்தால் இன்னொரு வட்டு வரும். வீட்டில் ஒரு வட்டை இரவல் தருபவருக்கு அந்த வசதி இல்லை. ஐபிஎஃப்எஸ் எதையும் தானாகப் படியெடுத்துப் பரப்புவதுமில்லை. ஒரு துண்டை வைத்திருக்க யாரேனும் ஒருவர் முடிவு செய்தால்தான் அது வலையில் இருக்கும். அழித்த பின்னும் வட்டு காலியாகவில்லை என்று சலித்து அவர் கணினியை அணைத்துவிட்டால், அவரிடம் மட்டுமே இருந்த துண்டு அன்றோடு வலையிலிருந்து மறைகிறது. வேகத்தை மட்டும் பார்த்துக் கிடங்கைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.