ஆரணி அரிசியும் அர்ஜென்டினாவின் கரண்டிச் சத்தமும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் அண்ணாமலையார் கோயிலுக்கு அடுத்து வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பெயர் ஆரணி அரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் பரப்பிக் காலால் தள்ளிக் காயவைத்து அரைக்கிற புழுங்கல் அரிசிக்குப் பேர்போன ஊர் அது. 2023 ஆகஸ்ட் 25 அன்று புழுங்கல் அரிசிக்கு மத்திய அரசு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு அதற்கு முந்தைய மாதமே தடை வந்துவிட்டது.

வரியைக் கட்டுபவர் ஏற்றுமதியாளர். ஆனால் தாய்லாந்தும் வியட்நாமும் போட்டிக்கு நிற்கும் சந்தையில் அதை முழுக்க அயல்நாட்டார் தலையில் ஏற்ற முடியாது. மிச்சத்தை நெல் வாங்கும் விலையில்தான் பிடிப்பார்கள். நெல் கமிட்டியில் மூட்டையோடு நிற்கும் விவசாயிக்கு அது நட்டம்; கிரிவலக் கூட்டத்துக்குச் சோறு போடும் ஓட்டலுக்கும் அன்னதானக்காரருக்கும் அரிசி விலை ஏறாதது நிம்மதி. நகரத்து வயிற்றை நினைத்துப் போட்ட வரிக்கு எதிராக நகரம் ஏன் தெருவுக்கு வரப்போகிறது?

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸ் வந்தது.

2008 மார்ச் 11 அன்று அர்ஜென்டினா அரசு, 35 சதவீதமாக இருந்த சோயா ஏற்றுமதி வரியை உலக விலையோடு சேர்ந்து ஏறும்படி மாற்றியது. அன்றைய விலைக்கு அது ஏறக்குறைய 44 சதவீதம். பெரும் பண்ணையார்களின் சங்கமும் சிறு விவசாயிகளின் சங்கமும் பழைய பகையை ஒதுக்கிவைத்துச் சாலைகளை மறித்தன. நகரத்துக்கு இறைச்சி வரத்தே குறைந்தது. மார்ச் 25 மாலை அதிபர் கிறிஸ்டினா கிர்ச்னர் தொலைக்காட்சியில் இதை வசதி படைத்தவர்களின் மறியல் என்று சாடினார். அன்றிரவே ரெகோலேதா, பலெர்மோ போன்ற வட்டாரங்களில் ஜனங்கள் வாணலியும் கரண்டியுமாகப் பால்கனிக்கு வந்து தட்டினார்கள். பிறகு தெருவில் இறங்கினார்கள்.

அந்தப் பழக்கம் அந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1971-இல் சிலியின் சாண்டியாகோவில் பெண்கள் காலிப் பாத்திரங்களோடு ஊர்வலம் போனார்கள். 2001 டிசம்பரில் இதே புவெனஸ் ஐரிஸ் தட்டிய தட்டில் அதிபர் தெ லா ருவா பதவி விலகினார். 2008-இல் தட்டியவர்களில் வசதியான நடுத்தர வர்க்கத்தினர் அதிகம். சோயா வரி அவர்கள் பையைத் தொடவில்லை. விலைவாசியும், அரசின் பணவீக்கக் கணக்கின் மேலிருந்த அவநம்பிக்கையும், அதிபர் பேசிய தோரணையும்தான் அவர்களைக் கிளப்பிவிட்டன. ஜூலை 17 விடியற்காலையில் செனட் 36-36 எனச் சமமாகப் பிரிந்தது. துணை அதிபர் ஹூலியோ கோபோஸ் தன் அரசுக்கு எதிராகவே வாக்களிக்க, வரி உயர்வு விழுந்தது.

இந்தியாவிலும் விவசாயிகள் தட்டைத் தட்டியிருக்கிறார்கள். 2020 டிசம்பர் 27 அன்று பிரதமரின் ‘மனதின் குரல்’ ஒலித்தபோது டெல்லி எல்லையில் அது நடந்தது. ஆனால் அது மூன்று வேளாண் சட்டங்களுக்கு எதிரானது. புழுங்கல் அரிசி வரியோ 2024 செப்டம்பரில் 10 சதவீதமாகி, அக்டோபர் 22 அன்று நீங்கியது. அதற்குள் அரசுக் கிடங்குகளில் அரிசி தேவைக்கு மேல் குவிந்திருந்தது.