கெத்சமனியில் ஒரு மனிதச் சித்தம்

பாவம் தவிர அனைத்திலும் இயேசு நம்மைப் போன்றவர் என 451இல் கால்செதோன் பொதுச்சங்கம் அறிக்கையிட்டதை நாம் அறிவோம். ஆயினும் அவருக்கு மனிதச் சித்தம் உண்டா என்ற வினா ஓயவில்லை. இறைச்சித்தம் ஒன்றே என்றனர் சிலர். அவரது பாவமின்மையைக் காக்க அது எளிய வழியாகத் தோன்றியிருக்கலாம். 648இல் பேரரசர் இரண்டாம் கொன்ஸ்தான்ஸ் இவ்விவாதத்தையே தடை செய்தார்.

துறவி மாக்சிமுஸ் பணியவில்லை. கெத்சமனியில் சாவுக்கு அஞ்சிய அதே மனிதச் சித்தமே தந்தைக்குக் கீழ்ப்படிந்தது என்றார். அஞ்சுவது பாவமன்று! சோதனை வந்ததையே பாவமென்று எண்ணிக் கலங்குவோர் நம் பங்குகளில் எத்தனை பேர்?

662இல் அம்முதியவரின் நாவையும் வலக்கையையும் துண்டித்து நாடு கடத்தினர், அவ்வாண்டே இறந்தார். 680-681இல் கூடிய மூன்றாம் கான்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கம், கிறிஸ்துவில் இரு சித்தங்கள் உண்டெனத் தீர்மானித்தது. அத்தீர்மானத்தில் மாக்சிமுஸின் பெயர் இல்லை.