மூக்குக்கு அடியில் ஒரு பெட்டி: சிங்கப்பூர் வானில் ஒரு காற்று வடிகட்டியின் கதை



“சிங்கப்பூர் ஏன் வீழ்ந்தது?” என்ற கேள்விக்கு நம் மாணவர்கள் எழுதும் விடைகளில் ஒரு வரி தவறாமல் வரும்: “பிரிட்டிஷாரின் விமானங்கள் தரம் குறைந்தவை.” அவ்வளவுதான். எழுதிவிட்டு அடுத்த காரணத்துக்குப் போய்விடுவார்கள். தரம் குறைவு என்றால் எதில் குறைவு? வேகத்திலா, ஆயுதத்திலா, உயரம் ஏறுவதிலா? இந்தக் கட்டுரையில் அந்த ஒரு வரியை மட்டும் பிரித்துப் பார்ப்போம். இறக்கையையும் துப்பாக்கியையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்க. இஞ்சின் மூச்சு வாங்கும் இடத்தைப் பார்க்கலாம்.

வீட்டில் கார் ‘மோடிஃபை’ செய்யும் அண்ணன் இருந்தால் இது சுலபமாகப் புரியும். கம்பெனி பொருத்திக் கொடுத்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரை வெளியே வாங்கி மாட்டுவாங்க. சத்தம் நல்லா இருக்கும். ஆனால் அந்தக் கூம்பு சூடான இஞ்சினுக்குப் பக்கத்திலேயே திறந்து கிடந்தால், அது இழுப்பது சுடுகாற்றை. சூடானால் காற்று விரியும். அதே கொள்ளளவில் ஆக்சிஜன் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்க. 30 பாகை செல்சியஸ் என்பது 303 கெல்வின். 60 பாகை என்பது 333 கெல்வின். அழுத்தம் மாறாமல் இருந்தால் 303-ஐ 333-ஆல் வகுக்க வேண்டும், 0.91 வரும். அதாவது சுமார் 9 விழுக்காடு காற்று போச்சு. அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக் அந்த ஃபில்டரைச் சுற்றி ஒரு தடுப்பு அடித்து, முன்பக்க கிரில்லில் இருந்து ஒரு குழாய் போட்டுக் குளிர்ந்த காற்றைக் கொண்டு வருவார்.

காற்று சுத்தமாகவும் வேண்டும், தடையில்லாமலும் வேண்டும், குளிராகவும் வேண்டும். ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவும். இரண்டாம் உலகப் போரில் விமான இஞ்சின்காரர்கள் பட்ட பாடும் இதே பாடுதான்.

வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் தொடங்குவோம். ஹரிகேன், ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் இஞ்சின். அதன் காற்று வாய் விமானத்தின் அடிப்பக்கம் முன்னோக்கித் திறந்திருக்கும். விமானம் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று தானாகவே உள்ளே அழுந்தும். அதுவே ஒரு கூடுதல் பலம். இங்கிலாந்தின் புல்தரை ஓடுபாதையில் இது பிரச்சினை இல்லை. பாலைவனத்தில் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மணல் புழுதி உள்ளே போகும். மணல் எண்ணெயோடு கலந்தால் என்ன ஆகும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி சிலிண்டர் சுவரை அரித்துவிடும்.

தீர்வாக வந்தது வோக்ஸ் நிறுவனத்தின் வடிகட்டி. மூக்குக்கு அடியில் ஒரு பெரிய பெட்டி. பழைய படங்களில் அந்த விமானங்களுக்குத் தாடை வீங்கியது போல் இருக்கும், தேடிப் பாருங்க. மணல் நின்றது. ஆனால் உள்ளே அழுந்தி வந்த காற்றின் வேகமும் குறைந்தது. ஐந்தாம் வகை ஸ்பிட்ஃபயரில் இந்த வடிகட்டியால் வேகத்தில் மணிக்கு 8 மைலும், மேலே ஏறும் வேகத்தில் நிமிடத்துக்கு 600 அடியும் குறைந்தன என்பது கணக்கு. 8 மைல் பெரிய விஷயமில்லை என்று தோன்றலாம். 600 அடி அப்படியில்லை. எதிரிக்கு மேலே இருப்பவன்தான் சண்டையைத் தொடங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபோது மலாயாவைக் காக்க இருந்த போர் விமானம் அமெரிக்கத் தயாரிப்பான புரூஸ்டர் பஃபலோ. நம் வெப்பத்தில் அதன் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியது. உயரம் போகப் போகத் திணறியது. அதை மாற்ற வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, 1942 ஜனவரியில் 51 ஹரிகேன்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மக்களுக்குப் பெரிய நம்பிக்கை. ஹரிகேன் வந்துவிட்டது, இனி கவலையில்லை!

ஆனால் அவை மத்தியக் கிழக்கிற்கென்று தயாரானவை. மூக்கின் அடியில் வோக்ஸ் பெட்டி அப்படியே இருந்தது. எட்டுக்குப் பதில் 12 இயந்திரத் துப்பாக்கிகள் வேறு. அதனால் கூடுதல் எடை. ஜனவரி மாதம், மழைக்காலம். பாலைவன மணலுக்குச் செய்த கவசத்தைச் சுமந்துகொண்டு அவை சிங்கப்பூர் மழை மேகத்துக்குள் ஏறின. ஜனவரி 20-இல் முதல் சண்டை. குண்டுவீச்சு விமானங்களை எதிர்க்கும்போது ஹரிகேன் நன்றாகவே வேலை செய்தது. காவலுக்கு வந்த ஜப்பானியப் போர் விமானங்களோடு மோதியபோதுதான் மெதுவாக ஏறுவதும் திரும்பத் திணறுவதும் உயிருக்கு வினையாயின. (ஒரு சின்னத் திருத்தம்: நம்மில் பலர் எல்லா ஜப்பானியப் போர் விமானத்தையும் ‘ஸீரோ’ என்றே எழுதுகிறோம். ஸீரோ கடற்படை விமானம். மலாயா வானில் அதிகம் பறந்தவை தரைப்படையின் ஹயபுசா போன்றவை. விடைத்தாளில் ‘ஜப்பானியப் போர் விமானங்கள்’ என்று எழுதினால் போதும்.)

அப்படியானால் ஒரு வடிகட்டிப் பெட்டியால்தான் சிங்கப்பூர் விழுந்ததா? இல்லவே இல்லை. அப்படி எழுதினால் நானே மதிப்பெண் தரமாட்டேன். பலமான விமானம் இருந்திருந்தாலும் எண்ணிக்கை போதாது. விமானிகளில் பலர் புதியவர்கள். தீபகற்பம் கைவிட்டுப் போகப் போக, எதிரி வருவதை முன்கூட்டிச் சொல்லும் கண்காணிப்பு நிலையங்களும் போய்விட்டன. இங்கேதான் வடிகட்டி கணக்கில் வருகிறது. எச்சரிக்கை நேரம் சுருங்கும்போது மேலே ஏறும் வேகம்தான் உயிர். ஒரு காரணம் இன்னொரு காரணத்தைக் கூர்மையாக்குகிறது. தேர்வில் ‘காரணங்களைத் தொடர்புபடுத்துக’ என்று கேட்பது இதைத்தான். ஐந்து காரணங்களை வரிசையாக அடுக்கி வைப்பதற்குப் பெயர் தொடர்புபடுத்துவது அல்ல.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. வடிகட்டியின் கதை அங்கே முடியவில்லை. எகிப்தின் அபூகிர் என்ற இடத்தில் இருந்த விமானப் பராமரிப்புப் பட்டறையில், வோக்ஸ் பெட்டிக்குப் பதிலாகச் சிறிய, வழவழப்பான ஒரு வடிகட்டியை அங்கேயே உருவாக்கி ஸ்பிட்ஃபயர்களில் பொருத்தினார்கள். அதன் பெயரே அபூகிர் வடிகட்டி. தலைமையகத்து வரைபட மேசையில் பிறந்ததல்ல. தினமும் புழுதியில் இஞ்சினைக் கழற்றிப் பூட்டியவர்கள் செய்தது. எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடித்தது. பின்னால் வந்த ஸ்பிட்ஃபயர்களில் வடிகட்டியை மூக்கின் வடிவத்துக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள்.

சுத்தமும் தடையின்மையும் இப்படிச் சமாளிக்கப்பட்டன. குளிர்? 1941-இன் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஃபொக்கே-வுல்ஃப் 190 வந்து ஐந்தாம் வகை ஸ்பிட்ஃபயரைத் திணறடித்தது. ரோல்ஸ்-ராய்ஸில் அப்போது ஸ்டான்லி ஹூக்கர் என்ற கணித வல்லுநர் இருந்தார். 1938-இல் சேர்ந்தவர்; இஞ்சின் தொழிலில் பழக்கமே இல்லாதவர். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரைக் கணக்குப் போட்டு ஆராய்ந்து, அதன் குறைகளைச் சரிசெய்தார். மெர்லின் 61 இஞ்சினில் சூப்பர்சார்ஜர் இரண்டு கட்டமானது. ஒரு முறை அழுத்திய காற்றை மறுபடியும் அழுத்துவார்கள். சிக்கல் என்னவென்றால், அழுத்தினால் காற்று சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீங்க. 30,000 அடி உயரத்தில் வெளியே சுமார் மைனஸ் 45 பாகைக் குளிர். அந்தக் காற்றை இழுத்து இரண்டு முறை அழுத்தினால் அது கொதிக்கும் சூடாகி இஞ்சினுக்குள் போகும். அதனால் நடுவில் ஒரு குளிர்விப்பான், இன்டர்கூலர், வைத்தார்கள். அதற்கென்று தனி ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில் போனது. பலன்? 30,000 அடியில் முந்தைய மெர்லின் 45-ஐவிட சுமார் 300 குதிரைத்திறன் கூடுதல். மணிக்கு ஏறக்குறைய 70 மைல் கூடுதல் வேகம். ஒன்பதாம் வகை ஸ்பிட்ஃபயர் 1942-இன் நடுவில் சண்டைக்கு வந்தது. இஞ்சினின் கொள்ளளவு அதே 27 லிட்டர்தான், ஒரு சொட்டுகூடக் கூட்டவில்லை.

வகுப்பில் செய்ய ஒன்று. வோக்ஸ் பெட்டி உள்ள ஸ்பிட்ஃபயர் படத்தையும் அபூகிர் வடிகட்டி உள்ள படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். எதுவும் சொல்லாமல், “எது முதலில் வந்தது? எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். படமும் ஒரு சான்று என்பதை அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். இயற்பியல் ஆசிரியர் பக்கத்து வகுப்பில் இருந்தால் அந்த 303, 333 கணக்கை அவரிடம் விட்டுவிடுங்கள்.